போர் தண்ணீர் மீது ஏன் பழி?

திருப்பூர், பல்லடம், சோமனூர் வட்டாரத்து வண்ணமீன் கடைகளில் உயிர்ச்செடி இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இது: “நம்ம போர் தண்ணிக்குச் செடியெல்லாம் வராதுங்க, பிளாஸ்டிக்கே வெச்சுக்கோங்க.” கேட்டவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. முன்பு ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு கட்டு வாங்கி வைத்து, பத்து நாளில் அது கூழாகித் தொட்டியே நாறியதைப் பார்த்தவராக இருப்பார். ரோஸ், ஊதா, கிளிப்பச்சை என்று மூன்று பிளாஸ்டிக் கொத்துகளை வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பார். சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர் வீட்டிலும் சரி, பனியன் கம்பெனி முதலாளி வீட்டு வரவேற்பறையிலும் சரி, தொட்டியில் உயிரோடு இருப்பது மீன் மட்டும்தான்.

செடி செத்தது உண்மை. அதைக் கொன்றது தண்ணீர் என்பது மட்டும் பொய்.

கொங்குப் பகுதியின் நிலத்தடி கடினப் பாறை. மேலே பல இடங்களில் சுக்கான்கல் கலந்த மண். மழைநீர் இதன் வழியே இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்துக்கொண்டு போகிறது. கீசர் காயிலில் வெள்ளையாகப் படிவதும், குழாய் வாயில் கெட்டிதட்டுவதும், சோப்பு நுரைக்க மறுப்பதும் இதனால்தான். இதையெல்லாம் தினமும் பார்க்கிறவருக்கு இந்தத் தண்ணீரில் செடி எப்படி வளரும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் நீருக்குள் வாழும் செடியின் தேவை வேறு. அதற்குப் பெரிய பஞ்சம் கரியமில வாயு. காற்றில் பரவுவதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவாகத்தான் அந்த வாயு தண்ணீருக்குள் பரவும். பி.எச். 8-ஐ ஒட்டிய கடின நீரில் அது தனி வாயுவாக இருப்பதும் சொற்பம்; கரைந்திருக்கும் கார்பனில் மிகப் பெரும்பகுதி பைகார்பனேட். அந்தப் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனைப் பிரித்தெடுத்துக்கொள்ளும் திறமை சில நீர்த்தாவரங்களுக்கு உண்டு. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் மூன்றும் அந்த ரகம். கீசரைக் கெடுக்கிற அதே சரக்குதான் இவற்றுக்குத் தீனி.

இது ஆய்வகத்து நுணுக்கம் என்று ஒதுக்குகிறவர்கள் ஃபுளோரிடாவைப் பார்க்கலாம். இந்தியத் துணைக்கண்டத்துக் குளங்களில் சாதாரணமாகக் கிடக்கும் ஹைட்ரில்லா, 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாக அங்கே போனது. 1960-இல் மயாமி அருகே ஒரு கால்வாயிலும், கிரிஸ்டல் ரிவர் என்ற ஊற்றாற்றிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அதை வெட்டவும் மருந்தடிக்கவும் அந்த மாநிலம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான டாலர் செலவழிக்கிறது. கிரிஸ்டல் ரிவரின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுண்ணாம்புப் பாறையிலிருந்து. சுண்ணாம்பு ஊற்றில் ஓர் அரசாங்கத்தையே திணறடித்த நம்மூர்ச் செடி, சுக்கான்கல் பூமியின் போர் தண்ணீரில் வராது என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனீக்கா ஏரிகளும் காரத்தன்மை கொண்டவைதான். அங்கேயும் சிக்லிட் மீன்களுக்கு நடுவே வாலிஸ்னேரியா இயற்கையாகவே வளர்கிறது.

அப்படியானால் அந்தப் பத்து நாள் கூழுக்கு யார் பொறுப்பு?

முதல் பொறுப்பு விற்ற செடிக்கு. கடைகளில் ஈயப்பட்டை சுற்றிய கட்டாக வரும் செடிகளில் கண்ணைப் பறிப்பது கபோம்பா. விசிறி விசிறியாக, மென்மையாக, சில ரகம் சிவப்பாகவும் இருக்கும். அது மென்னீர்ச் செடி. கரைந்த கரியமில வாயுவைத்தான் நம்பியிருக்கிறது; பைகார்பனேட்டை வைத்துப் பிழைக்கத் தெரியாது. கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கத்தில் ஆவளபாண்டி என்ற இடத்து ஓடை 2020-இல் முழுக்க ரோஸ் நிறமாகப் பூத்து, கொரோனா காலத்திலும் கூட்டம் கூடியதே, அது இந்தக் கபோம்பா குடும்பத்து வந்தேறிச் செடிதான். கேரளத்து மென்னீரில் ஓடையையே அடைத்துக்கொள்கிற செடி, பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் போர் தண்ணீரில் போட்டால் இலை உதிர்த்துத் தண்டாக நிற்கிறது. செடியை மாற்று என்று சொல்வதற்குப் பதிலாகத் தண்ணீரைக் குறை சொல்வது வியாபாரத்துக்கு வசதி.

இரண்டாவது பொறுப்பு இன்னும் கசப்பானது. தொட்டிச் செடி என்று விற்கப்படுவதில் ஒரு பகுதி நீர்த்தாவரமே கிடையாது. லக்கி பாம்பூ என்ற டிரசீனா, சிங்கோனியம், வரப்புப் புல்லைப்போல இருக்கும் மாண்டோ கிராஸ், ஊதா இலைக்காரியான ஹெமிகிராஃபிஸ் எல்லாம் தரையில் வளர்பவை. முழுக்க நீருக்குள் அமுக்கினால் சில வாரம் தாக்குப்பிடிக்கும், பிறகு அழுகும். கடைக்காரரின் தொட்டியில் அவை பச்சையாகத் தெரிவதற்குக் காரணம், போன வாரம்தான் வந்திறங்கின என்பதுதான். வாங்குகிறவர் செய்யக்கூடிய சோதனை எளிது. தண்டைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கிப் பார்க்க வேண்டும். தன் பலத்தில் விறைப்பாக நின்றால் சந்தேகப்படலாம். தொய்ந்து கையில் படுத்துக்கொண்டால் பெரும்பாலும் நீர்ச்செடி. அனுபியஸ், அமேசான் சுவோர்டு போன்ற சில ரகம் இதற்கு விலக்கு. அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவது நல்லது.

சரியான செடியே வாங்கியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். கிரிப்டோகோரைன், அமேசான் சுவோர்டு இரண்டையும் பண்ணைகளில் பெரும்பாலும் ஈர மண்ணில், இலை காற்றில் இருக்க வளர்க்கிறார்கள், சீக்கிரம் பெருகும். அந்த இலை காற்றுக்காகக் கட்டப்பட்ட இலை. தொட்டிக்குள் வந்ததும் அது கரையும். கிரிப்டோகோரைனோ இடம் மாறினாலே, சில நேரம் தண்ணீர் மாற்றினாலே, ஒரே இரவில் கண்ணாடிபோல ஆகி உருகிவிடும். வீட்டுக்காரர் வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுவது இந்தக் கட்டத்தில்தான். விரலால் அடியை அழுத்திப் பார்த்திருந்தால் கிழங்கு கெட்டியாக இருப்பது தெரிந்திருக்கும். அழுகிய இலையை மட்டும் கிள்ளிவிட்டு மூன்று நான்கு வாரம் சும்மா விட்டால், மண்ணைப் பிளந்துகொண்டு ஊசிபோல ஒரு சுருள் இலை வரும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் தண்ணீருக்கென்று பிறந்த இலை.

மூன்றாவதாக, வழிபாடுபோல நடக்கும் பராமரிப்பு. மீன் சோர்ந்தால் ஒரு கைப்பிடி கல் உப்பு. துடுப்பில் வெள்ளைப் புள்ளி வந்தால் இன்னொரு கைப்பிடி. கூடவே நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ. ஞாயிற்றுக்கிழமை தண்ணீரை முழுக்க இறைத்து, கல்லையெல்லாம் பக்கெட்டில் போட்டு அலசி, புதுத் தண்ணீர். இப்படிச் செய்கிற தொட்டியில் எந்தத் தண்ணீரானாலும் செடி நிற்காது. சேரச் சேர உப்பு நன்னீர்ச் செடியின் வேரை வாட்டும்; நீல மருந்து செடிக்கும் ஆகாது, கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆகாது; வாரம் ஒருமுறை பிடுங்கி நடப்படும் செடிக்கு வேர் பிடிக்க நேரமே இல்லை. நோய்வாய்ப்பட்ட மீனைத் தனி டப்பாவில் எடுத்து மருந்து கொடுப்பதும், வாரம் கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுவதும் போதும். மீன் கழிக்கும் அம்மோனியாவைச் செடியே உறிஞ்சிக்கொள்ளும். பல நீர்த்தாவரங்கள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தைத்தான் முதலில் எடுக்கின்றன என்பதை டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட தன் நூலில் ஆய்வுகளை அடுக்கி விளக்கினார். சாதாரண மண்மேல் மணல் பரப்பி, விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் தொட்டி நடத்தலாம் என்று காட்டியதும் அவர்தான்.

தண்ணீருக்காக வாதாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வட்டாரத்தில் எல்லாப் போர் தண்ணீரும் ஒன்றல்ல. கோவையைக் கடந்து, சூலூர் வழியாகச் சாமளாபுரம் குளத்தைத் தொட்டு, மங்கலம் தாண்டித்தான் நொய்யல் திருப்பூருக்குள் நுழைகிறது. சாயப்பட்டறைகள் துணிக்குச் சாயம் ஏற்றச் சாதா உப்பையும் சோடியம் சல்பேட்டையும் மூட்டை மூட்டையாகப் பயன்படுத்தின. அந்தக் கழிவு நகருக்குக் கீழே ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாக மாறியதும், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் ஊரறிந்த கதை. அந்த உப்பு சோடியம் உப்பு. சுக்கான்கல் தரும் கடினம் கால்சியம். செடிக்கு முன்னது பகை, பின்னது உறவு. சிக்கல் என்னவென்றால், எல்லோர் கையிலும் இருக்கிற டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். 900 என்று மீட்டர் சொன்னால் அதில் எது எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஒரு கரண்டித் தண்ணீரை அடுப்பில் சுண்டவைத்து, மிஞ்சுகிற வெள்ளைப் படிவில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஓரளவு பிடிபடும். புசுபுசுவென்று நுரைத்தால் அதில் கார்பனேட் நிறைய இருக்கிறது. நுரைக்காமல் கரைந்து, நாக்கில் கரித்தால் வேறு கதை. அந்தத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி குடிநீர்க் குழாய்த் தண்ணீரோடு கலக்கலாம். குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்தால் நல்லது.

முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றும் வழக்கம் இதற்கு நேர் எதிர்த் தவறு. வடிகட்டி எடுத்த அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கிட்டத்தட்ட இல்லை, பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. வாலிஸ்னேரியா அதில் பட்டினி கிடக்கும். காசு கொடுத்துப் பஞ்சத்தை வாங்குவது இதுதான்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: என்ன மீனுக்கு என்ன செடி? இந்தக் கேள்விக்குத்தான் பதில் கிடைப்பதில்லை.

கப்பி, மோலி வளர்க்கிறவர்கள் இந்த ஊரில் யோகக்காரர்கள். அந்த மீன்களுக்கே கடின நீர்தான் பிடிக்கும். வேரே இல்லாத ஹார்ன்வொர்ட்டை ஒரு கொத்து மிதக்கவிட்டால் போதும். குட்டி போட்டதும் தாய்மீனே தின்றுவிடாமல் குட்டிகள் ஒளிய அதன் ஊசியிலைக் காடு இடம் கொடுக்கும். வாட்டர் ஸ்பிரைட் என்று விற்கும் நீர்ப்பெரணியும் அதே வேலையைச் செய்யும். மோலிக்கு உப்பு வேண்டும் என்ற பேச்சை இங்கே மறந்துவிடலாம். அதற்கு வேண்டிய கனிமம் போர் தண்ணீரிலேயே இருக்கிறது.

பைட்டர் மீனுக்கு நீரோட்டம் ஆகாது, மேல்மட்டத்தில் சாய்ந்துகொள்ள அகல இலை பிடிக்கும். பிளாஸ்டிக் செடியின் கூரிய விளிம்பு அதன் நீளத் துடுப்பைக் கிழிக்கிறது என்பதை, துடுப்பு நார் நாராக ஆன பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். அதற்கு அனுபியஸ் பொருத்தம். மேற்கு ஆப்பிரிக்கச் செடி; மெதுவாக வளரும், மங்கல் வெளிச்சம் போதும், கடின நீரைத் தாங்கும். ஆனால் அதன் தடித்த பச்சைத் தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ கட்ட வேண்டும். கட்டுவதற்கு நூல் தேடி இந்த ஊரில் அலைய வேண்டியதில்லை. சாயம் ஏறாத காட்டன் யார்ன் கோனிலிருந்து ஒரு முழம் போதும். வேர் கல்லைப் பற்றிக்கொள்ளும் நேரத்துக்குப் பருத்தி நூல் தானாக மக்கிவிடும். பாலியெஸ்டர் கலந்த நூல் மக்காது, தண்டை அறுக்கும்.

கோல்டு பிஷ் வீட்டில் செடியே கூடாது என்பது அடுத்த வேதவாக்கு. பாதி உண்மை. கெண்டைக் குடும்பத்து மீன் அது. மென்மையான இலை எதுவானாலும் கீரைபோலத் தின்னும், மணலைக் கிளறி வேரைப் பெயர்க்கும். ஆனால் அனுபியஸையும் ஜாவா பெரணியையும் தொடுவதில்லை. அந்தத் தடித்த இலை அதற்கு ருசிக்காது. வாலிஸ்னேரியாவைச் சின்ன மண்சட்டியில் நட்டு, மேலே கூழாங்கல் அடுக்கினால் நிற்கும். ஹைட்ரில்லாவை அழகுக்கு வைக்காமல் தீவனமாகவே போடலாம். உலர்ந்த உருண்டைத் தீனியால் வயிறு உப்பித் தலைகீழாக மிதக்கும் மீனுக்குப் பச்சை இரை நல்லது. இன்னொரு வழி, மணி பிளான்ட். பில்டர் பெட்டிக்குள் வேரும் வெளியே இலையும் இருக்கும்படி வைத்தால் கழிவில் சேரும் நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். அழுகாது, காரணம் இலை காற்றில் இருக்கிறது.

ஏஞ்சல் மீன் முட்டை ஒட்டுவதற்கு நிமிர்ந்த அகல இலையைத் தேடும்; அமேசான் சுவோர்டு அதற்கென்றே அமைந்தது, அடிமண் மட்டும் சத்தாக இருக்க வேண்டும். ஆஸ்கார், பிளவர்ஹார்ன் வளர்க்கிறவர்கள் மணலில் எதையும் நடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அவை தோண்டுவது குறும்பு கிடையாது, சுபாவம். நியான் டெட்ராவை இந்தப் போர் தண்ணீரில் விட்டு, அதன் அமேசான் தோழர்களான மென்னீர்ச் செடிகளையும் வைத்து, இரண்டும் போன பிறகு ஊரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. காவிரிப் படுகையிலிருந்து 1849-இல் ஜெர்டன் விவரித்த அருலியஸ் கெண்டை போன்ற நம் பக்கத்து மீன்கள் இருக்க, அமேசான் மீனைத்தான் வாங்குவேன் என்பது யாருடைய குற்றம்?

கரியமில வாயு சிலிண்டர், விலை உயர்ந்த விளக்கு, இறக்குமதி மண் இல்லாமல் செடித் தொட்டி கிடையாது என்ற நம்பிக்கைக்கு ஜப்பானியர் தகாஷி அமானோ மீது பழி விழுகிறது. 1954-இல் பிறந்து 2015-இல் மறைந்த அந்தப் புகைப்படக் கலைஞர், தொட்டிக்குள் மலையையும் காட்டையும் புல்வெளியையும் உருவாக்கி உலகத்தையே வாய் பிளக்க வைத்தார். அவர் செய்தது நிலக்காட்சிக் கலை. அவருடைய படத்தை அலைபேசியில் காட்டி, இதேபோல வேண்டும் என்று கேட்கிறவரிடம் கடைக்காரர் பெரிய தொகையைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஆறு கப்பியும் இரண்டு அடித் தொட்டியும் வைத்திருப்பவருக்கு அந்தச் செலவின் பத்தில் ஒன்றுகூட வேண்டாம். சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. பட்டை, நாளுக்கு ஏழெட்டு மணி நேரம். அதற்கு மேல் எரியவிட்டால் செடியைவிடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

ராத்திரியில் செடி ஆக்ஸிஜனைத் தின்று மீனைக் கொல்லும் என்றும் ஒரு பயமுறுத்தல் உண்டு. செடி இரவில் மூச்சு விடுவது உண்மை. அளவோடு மீன் இருக்கும் தொட்டியில் அது எடுப்பது சிறு பங்கு. கோடையில் 31, 32 டிகிரிக்கு ஏறும் தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவு, அதில் இரண்டு அடித் தொட்டிக்குள் இருபது கோல்டு பிஷ்ஷை அடைத்தால் செடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கத்தான் செய்யும். பகலில் மின்வெட்டு வந்து மோட்டார் நின்றால் காப்பாற்றப்போவது செடிதான். இரவு மின்வெட்டுக்கு அது உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், கடைகள் வராது என்று கைவிரிக்கும் இதே மண்ணின் நீர்நிலைகள் உலகத் தொட்டிகளுக்கே செடி கொடுத்தவை. பகோபா என்று மேல்நாட்டுக் கடைகளில் விற்பது நம் நீர்ப்பிரம்மி. அபோனோகெட்டான் குடும்பத்தில் ஒன்று, ஔவையின் மூதுரை ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துச் சொல்லும் கொட்டி. நாட்டு மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் கிடைக்கும் கிழங்கு, ஒரு கிரிப்டோகோரைன். தொட்டிக்காரர்கள் தேடும் கிரிப்டோகோரைன் வெண்டியை என்ற ரகமோ இலங்கைக்கே உரியது. சென்னைக் கொளத்தூரிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் கபோம்பாவுக்குப் பதில் இவற்றைக் கேட்டு வாங்க ஆள் இருந்தால், கொண்டுவர வியாபாரிக்கு ஒரு தடையும் இல்லை.

நம்மூர்ச் செடிதானே என்று சாமளாபுரம் குளத்திலோ நொய்யலிலோ இறங்கிப் பிடுங்கி வருவது மட்டும் வேண்டாம். கோவையின் சாக்கடை கலந்து வரும் தண்ணீர் அது. செடியோடு தும்பிப் புழுவும் அட்டையும் வீட்டுக்கு வரும், மீன்குஞ்சுகளைத் தும்பிப் புழுவே தின்று தீர்த்துவிடும். கடையில் வாங்கிய செடியையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, நன்றாக அலசிய பிறகே தொட்டியில் விட வேண்டும்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. செடி வராது என்று நம்புகிறவர் செய்யாத ஒரு கெடுதலை, செடி வந்துவிட்டவர் செய்கிறார். வளர்ந்து தள்ளியதை வாய்க்காலில் வீசுகிறார். தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நொய்யல் வழிக் குளங்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு ஆண்டும் ஜே.சி.பி. வைத்து அள்ளவேண்டிய நிலையில் இருக்கிறது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு கைப்பிடி கபோம்பாவோ சால்வினியா என்ற மிதக்கும் செடியோ போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்துக் காயல்களே சாட்சி. அதனால் இப்படிப் பரவும் வெளிநாட்டு ரகங்களை வாங்காமல் இருப்பதே மேல். கத்தரித்த வாலிஸ்னேரியாவையும் ஹார்ன்வொர்ட்டையும் வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டுத் தென்னைக்கு அடியில் கொட்டிவிடலாம். தொட்டியிலிருந்து மாற்றி எடுக்கும் பழைய தண்ணீரையும் அதே தென்னைக்கு ஊற்றலாம்.